வெளிநாட்டில் ஓர் ஆண்டு: கடல் பாதுகாப்புத் தொண்டூழியமும் ஸ்கூபா முக்குளிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியப் பள்ளித் தேர்வுகளான எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளைகளும், டிப்ளோமாவுக்கும் டிகிரிக்கும் நடுவில் நிற்பவர்களும், அவர்களைப் பெற்றவர்களும், படிப்புக்கு நடுவே எடுக்கும் ஓராண்டு இடைவெளியான ‘கேப் இயர்’ பற்றிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். வெளிநாடு என்று இங்கே சொல்வது பெரும்பாலும் தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். பக்கத்தில் இருக்கின்றன, செலவும் கைக்குள் அடங்கும். விசா விதியும் கட்டணமும் அடிக்கடி மாறும். டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேப் இயர்னா ஒரு வருஷம் சும்மா கடல்ல கிடக்கறதா?

யாரும் பன்னிரண்டு மாதமும் கடலில் இருப்பதில்லை. பணமும் தாங்காது, உடம்பும் தாங்காது. நடைமுறையில் ஆண்டு மூன்று துண்டாகப் பிரியும்: முதல் நான்கைந்து மாதம் பகுதிநேர வேலை பார்த்துப் பணம் சேர்ப்பதும் நீச்சல் பழகுவதும்; அடுத்து ஒரு வாரம் முக்குளிப்புப் பயிற்சி; அதன்பின் ஒரே திட்டத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு தீவு என்று தாவினால் படம் நிறையக் கிடைக்கும், வேலை கைவராது. அந்த இரண்டு வாரமும் மீன் பெயர் படிப்பதிலேயே போய்விடும்.

பல்கலைக்கழக இடம் ஏற்கெனவே கிடைத்திருந்தால், சேர்க்கையைத் தள்ளிப்போட அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் யாரோ ‘ஆகும்’ என்று சொன்னதை நம்பிப் போகாதீர்கள். மூயெட் எனும் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு, நேர்முகத் தேர்வுத் தேதிகளையும் நாள்காட்டியில் குறித்த பிறகே பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

தொண்டூழியம்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு நம்மகிட்டயே காசு கேக்கறாங்க?

படகு எண்ணெய், காற்று நிரப்பிய சிலிண்டர், தங்குமிடம், சாப்பாடு, கற்றுத் தருபவரின் சம்பளம் எல்லாம் செலவுதான். புதிதாக வருபவர் முதல் சில வாரம் உதவியைவிட வேலையைத்தான் கூட்டுவார். அவரைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் கூடப் போகவேண்டும். ஆகவே கட்டணம் கேட்பதை வைத்து ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. காசு எங்கே போகிறது என்று கேட்டால் மழுப்புகிறார்களா என்று பாருங்கள்.

கட்டணத்தை அதில் அடங்கிய முக்குளிப்பு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நான்கு வாரத்துக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்), 24 முக்குளிப்பு என்றால் தங்கல், சாப்பாடு உட்பட ஒன்றுக்கு 250 வெள்ளி. அதே பணத்துக்கு வாரத்தில் இரண்டே முறைதான் நீரில் இறங்குவீர்கள் என்றால் மீதி நாளில் என்ன வேலை என்று கேளுங்கள். கருவி வாடகை, கடல் பூங்காக் கட்டணம், பயிற்சிச் சான்றிதழ், காப்புறுதி ஆகிய நான்கும் விலைக்குள் வருகின்றனவா, வெளியேவா என்பதையும் கேளுங்கள். மலிவாகத் தெரியும் திட்டம் பெரும்பாலும் இந்த நான்கில்தான் விலை ஏறும்.

அண்ணே, எனக்கு நீச்சலே தெரியாது. ஆகுமா?

இப்போதைக்கு ஆகாது, மூன்று மாதத்தில் ஆகும். முதல் நிலை முக்குளிப்புப் பயிற்சியான ஓப்பன் வாட்டரில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தவேண்டும். நேரக் கணக்கு இல்லை, எந்த முறையிலும் நீந்தலாம். பிறகு பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கவேண்டும். 25 மீட்டர் குளத்தில் நான்கு தடவை போய் வந்தால் அந்த 200 மீட்டர் முடிந்தது. பினாங்கில் ரெலாவ் ஸ்பைஸ் நீச்சல் குளம், கோலாலம்பூரில் சின் வூ அரங்கம், புக்கிட் ஜாலில் தேசிய நீர் விளையாட்டு மையம் என்று பொதுக் குளங்கள் இருக்கின்றன.

பலர் தடுக்கி விழுவது தூரத்தில் இல்லை, முகத்தில் தண்ணீர் படும் பயத்தில். முகத்தை நீருக்குள் வைத்து மூக்கு வழியாக மெல்லக் குமிழி விடுவதை முதல் இரண்டு வாரம் பழகுங்கள். அது வந்துவிட்டால் முகமூடியில் தண்ணீர் புகுந்தாலும் பதற்றம் வராது. நீருக்கடியில் பதறி மேலே பாய்வதுதான் உண்மையான ஆபத்து. காரணம் காற்றைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

நீருக்குள் போக மனமே இல்லையென்றால் கரையிலும் வேலை உண்டு. கடலாமை முட்டையிடும் கடற்கரைகளில் இரவுக் காவல், கடற்புல், அலையாத்திக் காட்டுக் கணக்கெடுப்பு எதற்கும் சிலிண்டர் வேண்டாம்.

லைசென்ஸ் எடுக்க எத்தனை நாள்? எது வரைக்கும் எடுத்தா போதும்?

அது லைசென்ஸ் இல்லை, பயிற்சிச் சான்றிதழ், காலாவதி ஆகாது. பயிற்சி அமைப்புகளான பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. இரண்டின் சான்றிதழும் எங்கும் செல்லும். ஓப்பன் வாட்டர் மூன்று அல்லது நான்கு நாள்: பாடம், குளத்தில் பயிற்சி, கடலில் நான்கு முக்குளிப்பு. முடித்தால் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். 10 வயதிலிருந்து இளையோர் சான்றிதழ் உண்டு, 15 வயதில் முழுச் சான்றிதழ். அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் இன்னும் ஐந்து முக்குளிப்பு, 30 மீட்டர் வரை. மற்றவர்களை வழிநடத்தும் நிலையான டைவ்மாஸ்டருக்கு 18 வயது ஆகியிருக்கவேண்டும், பி.ஏ.டி.ஐ. முறையில் 40 முக்குளிப்பு இருந்தால் தொடங்கலாம், முடிக்க 60 வேண்டும்.

கணக்கெடுப்பு வேலைக்குப் பெரும்பாலான இடங்களில் அட்வான்ஸ்ட் போதும். ஆனால் சான்றிதழைவிட மிதவைக் கட்டுப்பாடு முக்கியம். ஐந்து மீட்டர் ஆழத்தில், கையை அசைக்காமல், ஒரு நிமிடம் அதே இடத்தில் நிற்க முடிகிறதா? முடியாதவர் துடுப்புக்கால் பட்டுப் பவளம் உடையும், கிளம்பும் மணல் பவளத்தின் மேல் படியும். காக்கப் போனவரே கெடுத்துவிட்டு வருவார்.

மிதவை தவறுவதற்கு முதல் காரணம், நீருக்குள் இறங்குவதற்காகக் கட்டும் ஈய எடை. நிரம்பிய சிலிண்டரில் இருக்கும் காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல். முக்குளிப்பு முடியும்போது அதில் இரண்டு கிலோ போயிருக்கும்; தொடக்கத்தில் சரியாக இருந்தவர் கடைசியில் பந்துபோல மேலே போவார். அதனால் எடையைச் சிலிண்டர் காலியாகும் நிலையில் சோதிக்கவேண்டும்: சிலிண்டர் அழுத்தம் 50 பாராக இருக்கும்போது, ஐந்து மீட்டரில், காற்று ஊதி மிதக்க உதவும் மிதவைச் சட்டையில் காற்றே இல்லாமல் நிற்க முடிந்தால் எடை சரி. பயந்துபோய்க் கூடுதலாக ஈயம் கட்டுபவர்கள்தான் அதிகம்.

எங்க படிக்கறது மலிவு, நம்ம ஊர்லயா கோ தாவ்லயா?

தாய்லாந்தின் கோ தாவ் தீவில் ஓப்பன் வாட்டர் 11,000 பாட் அளவில் கிடைக்கிறது. மலேசியக் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், தியோமான் கட்டணமும் அதற்கு மிகத் தூரமில்லை. பயணச் செலவையும் சேர்த்தால் கோலாலம்பூர்க்காரருக்குக் கிழக்குக் கரைதான் லாபம். பினாங்கிலிருந்து பட்டர்வொர்த் – பாடாங் பெசார் கொமுட்டர் ரயில், அங்கிருந்து தாய்லாந்து இரவு ரயிலில் சும்போன், பிறகு படகு என்று விமானம் இல்லாமலேயே கோ தாவ் போகலாம்.

விலையைவிடப் பருவத்தைப் பாருங்கள். கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழையில் மூடிக் கிடக்கும். கோ தாவிலும் நவம்பர், டிசம்பரில் மழை, கலங்கல். அந்த மாதங்களில் அந்தமான் கடல் பக்கம்தான் சரி. அங்கே தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் அக்டோபர் நடுவிலிருந்து மே நடு வரை திறந்திருக்கும். பினாங்குக் கடலிலேயே படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சேறு கலந்த நீர், பல நாள் நீட்டிய கையே தெரியாது.

ஆஸ்துமா இருக்கு, கண்ணாடியும் போடுவேன். விடுவாங்களா?

பயிற்சி தொடங்கும் முன் மருத்துவக் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பவேண்டும். முதல் பக்கத்தில் பத்துக் கேள்வி. சிலவற்றுக்கு ‘ஆம்’ என்றால் அடுத்த பக்கத்தில் விரிவான கேள்விகள் வரும். அவற்றிலும் ‘ஆம்’ என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். தீவில் இறங்கிய பிறகு இது தெரியவந்தால் மருத்துவரைத் தேடி மறுபடி பெருநிலத்துக்குப் படகேற வேண்டியிருக்கும். தாளை முன்கூட்டியே வாங்கி, இங்கேயே, முக்குளிப்பு மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். டிக்கெட் அதற்குப் பிறகு.

ஆஸ்துமா என்றாலே முடியாது என்பதில்லை. கடைசியாக எப்போது இழுத்தது, குளிரிலும் ஓடும்போதும் வருகிறதா, மூச்சளவுச் சோதனை என்ன சொல்கிறது என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். காதுச் சவ்வில் ஓட்டை, வலிப்பு, நுரையீரல் தானாகச் சுருங்கிய வரலாறு ஆகியவை கடினம். மறைத்து ‘இல்லை’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும், அதற்கும் முன்பு நுரையீரல் கைவிரிக்கும். பார்வைக் குறைவுக்கு எண் வைத்த முகமூடி கிடைக்கும்; மென் கான்டாக்ட் லென்சும் போடலாம்.

கீழே போனா காது கிழிஞ்சிடுமாமே?

கடல்மட்டத்தில் அழுத்தம் ஒரு பார். பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று. முதல் பத்து மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிறது, அதனால் காது வலி மேல்பகுதியில்தான் வரும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமப்படுத்துவதை நீர்மட்டத்திலேயே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை செய்யுங்கள். வலித்தபின் ஊதினால் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும், திறக்காது. ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலவேண்டும். ஓங்கி ஊதுவதால்தான் காது கெடுகிறது.

சளி பிடித்த நாளில் இறங்காதீர்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்கினால், பாதியில் மருந்து வேகம் குறைந்து, மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் போகும். கீழே இறங்காமல் இருந்துவிடலாம். மேலே வராமல் இருக்க முடியாதே.

அடியில காத்து தீந்துட்டா?

கணக்கு எளிது. வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11.1 லிட்டர், 200 பார். மொத்தம் 2,220 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு நீர்மட்டத்தில் 111 நிமிடம் வரும். பத்து மீட்டரில் பாதி, இருபதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 37 நிமிடம். 50 பார் கையிருப்போடு மேலே வரவேண்டும் என்பதால் உண்மையில் இன்னும் குறைவு. புதியவர்கள் பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர்கூட இழுப்பார்கள். காற்றுமானியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், துணை முக்குளிப்பாளருக்கும் விரலால் காட்டுங்கள். தீர்ந்தே போனாலும் துணைவரின் மாற்று வாய்க்கருவி இருக்கிறது. அதற்காகத்தான் இருவர் இருவராக இறங்குவது.

எது நடந்தாலும் மூச்சை அடக்காதீர்கள். பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காகப் பெருகும். வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழியும். மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவது நல்ல பழக்கம்.

அங்க போயி நெஜமா என்ன வேலை செய்வோம்?

பெரும்பகுதி எண்ணுவதுதான். தென்கிழக்காசியாவில் பரவலாகப் பயன்படுவது 1996-இல் தொடங்கிய ரீஃப் செக் எனும் பவளத்திட்டுக் கணக்கெடுப்பு முறை. 100 மீட்டர் அளவுநாடாவைப் பவளத்திட்டின் மேல் ஒரே ஆழத்தில் விரிப்பார்கள். அதில் 20 மீட்டர் துண்டு நான்கு, துண்டுகளுக்கு நடுவே 5 மீட்டர் இடைவெளி. மேடான பகுதியில் 2 முதல் 6 மீட்டர் ஆழத்தில் ஒன்று, 6 முதல் 12 மீட்டரில் இன்னொன்று.

நாடா விரித்ததும் கால் மணி நேரம் விலகி இருப்பார்கள், கலைந்த மீன்கள் திரும்புவதற்காக. பிறகு மீன் எண்ணுபவர் முதலில் போவார்: நாடாவின் இருபுறமும் இரண்டரை மீட்டர், மேலே ஐந்து மீட்டர் கொண்ட ஒரு கற்பனைப் பெட்டிக்குள் வரும் மீன்களை மட்டும். எல்லா மீனையும் இல்லை. வண்ணத்துப்பூச்சி மீன், மேரா மீன் (ஸ்னாப்பர்) குடும்பம், 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கெராப்பு (குரூப்பர்), 20-க்கு மேற்பட்ட கிளிமீன் என்று குறிப்பிட்ட சிலவற்றை. வேட்டையாடப்படும் மீன்கள் இவை; இவை குறைந்தால் மீன்பிடி அழுத்தம் தெரிந்துவிடும். அடுத்தவர் கடல் அட்டை, பெருஞ்சிப்பி, நீண்ட முள் அர்ச்சின், முள்கிரீட நட்சத்திர மீன் ஆகியவற்றை எண்ணுவார். கடைசி ஆள் அரை மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நாடாவின் கீழே என்ன இருக்கிறது என்று எழுதுவார்: கடும் பவளம், மென் பவளம், பாறை, உடைசல், மணல், பாசி இப்படி. ஒரு துண்டுக்கு 40 புள்ளி, மொத்தம் 160.

தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவையே. வெளுத்த பவளத்தைச் செத்தது என்று எழுதிவிடுவார்கள். வெளுத்தாலும் தசை இருக்கும் வரை அது உயிருள்ள கடும் பவளம்தான், வெளுப்பு அளவை மட்டும் தனியாகக் குறிக்கவேண்டும். அலையில் நாடா ஆடும்போது தமக்குப் பிடித்த பக்கத்துப் பவளத்தைப் புள்ளியாக எடுத்துக்கொள்வார்கள். வேகமாக நீந்தி அதே கிளிமீன் கூட்டத்தை இரண்டு தடவை எண்ணுவார்கள். இதனால்தான் நல்ல திட்டங்களில் முதல் இரண்டு வாரம் படம் காட்டித் தேர்வு வைப்பார்கள், பழகியவரின் எண்ணிக்கையோடு உங்கள் எண்ணிக்கை ஒத்துவரும் வரை எழுதியதைத் தரவில் சேர்க்க மாட்டார்கள். மனம் நோகவேண்டாம், அது அந்த இடத்தின் தரத்துக்கு அடையாளம்.

மீதி நேரத்தில் கைவிடப்பட்ட வலை அகற்றல், பவளம் தின்னும் நத்தைகளைப் பொறுக்குதல், கணினியில் தரவு ஏற்றுதல், சிலிண்டர் தூக்குதல், பாத்திரம் கழுவுதல். வலை வேலை புதியவருக்கு வேண்டாம். அறுத்த வலையைச் சொந்த மிதவைச் சட்டையில் மாட்டித் தூக்கப் பார்த்துச் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. அதற்கென்று காற்றுப் பை இருக்கிறது, கத்தியோடு துணை ஆளும் வேண்டும்.

அக்கா, பவளம் நடறதுதானே ரொம்ப நல்ல வேலை? படமும் அழகா வருது

படம் அழகாகத்தான் வரும். வழக்கமான கோடை உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுக்கும். தணியாவிட்டால் சாகும். 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நான்காவது உலகளாவிய வெளுப்பில் நட்ட பவளமும் தானாக வளர்ந்த பவளமும் சேர்ந்தே வெளுத்தன. நீர் சூடாவதையோ, கழிவுநீர் கலப்பதையோ, நங்கூரம் விழுவதையோ நடவு நிறுத்தாது.

பயனுள்ள இடம் உண்டு. மீன் பிடிக்க வீசிய குண்டு வெடித்து உடைசலாய்க் கிடக்கும் தரையில் துண்டுகள் அலையில் உருண்டுகொண்டே இருக்கும், குஞ்சுப் பவளம் ஒட்ட முடியாது. அங்கே சட்டகம் வைத்துத் தரையை நிலைப்படுத்தினால் பவளம் பிடிக்கும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பாசி தேய்த்துப் பராமரிக்கவேண்டும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி: ‘போன வருடம் நட்டதில் இப்போது எத்தனை உயிரோடு இருக்கிறது?’ பதில் எண்ணாக வந்தால் நம்பலாம். நடுபவர் பெயரில் சின்னப் பலகை மாட்டுவது மட்டுமே திட்டமாக இருந்தால் எங்கள் ஓட்டு அதற்கு இல்லை.

எது நல்ல அமைப்பு, எது ஏமாத்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

தரவு யாருக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். ஒரு மீன்வளத் துறை, ஒரு பல்கலைக்கழகம், ஒரு கடல் பூங்கா நிர்வாகம் என்று பெயர் வரவேண்டும். உள்ளூர்க்காரர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்களா, அல்லது எல்லாரும் வெளிநாட்டுப் பிள்ளைகளா என்றும் பாருங்கள். படகில் ஆக்சிஜன், முதலுதவி, தொடர்புக் கருவி இருக்கிறதா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? ஏற்கெனவே போய் வந்த இருவரோடு பேச விடுவார்களா?

விலங்கைத் தொட விடும் அமைப்பை உடனே ஒதுக்கிவிடுங்கள். கடலாமைக் குஞ்சுகளைத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்து, சுற்றுப்பயணி வரும் பகலில் விடுவது காப்பு வேலை இல்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதல் ஓரிரு நாள் வெறியோடு ஆழ்கடல் நோக்கி நீந்தும். தொட்டியிலேயே அந்தச் சக்தி தீர்ந்துவிடும். திமிங்கிலச் சுறாவுக்கு இரை போட்டு வரவழைப்பதும் அப்படித்தான். முக்குளிப்பு நிலையங்களைப் பொறுத்தவரை, ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தோடு சேர்ந்து 2004-இல் தொடங்கிய கிரீன் ஃபின்ஸ் நடத்தை விதிகளைப் பின்பற்றுகிறார்களா என்று கேட்கலாம்.

சுற்றுலாவா உள்ளே போயி வேலை செஞ்சா குடிநுழைவுல பிடிப்பாங்களா?

பிடிக்கலாம். தாய்லாந்தில் கூலி வாங்காத தொண்டூழியமும் சட்டப்படி வேலைதான். அதற்குரிய விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். கட்டணம் கட்டி மாணவராகப் பயிற்சி பெறுவது வேறு. நீங்கள் எந்த வகை என்பதை அமைப்பு எழுத்தில் சொல்லவேண்டும். ‘கேட்டால் ஊர் சுற்ற வந்தேன்னு சொல்லுங்க’ என்று யாராவது சொன்னால், மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள், அவரில்லை.

இந்தோனேசியா நம் கடப்பிதழுக்கு 30 நாள் விசா இல்லாமல் தரும். அதை நீட்டிக்க முடியாது, அதில் வேலையும் செய்யக்கூடாது. பிலிப்பைன்சும் 30 நாள், அங்கே குடிநுழைவு அலுவலகத்தில் நீட்டிக்கலாம். திரும்பும் டிக்கெட் கேட்பார்கள், பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையப் பதிவும் வேண்டும். தாய்லாந்துக்கு 2025 மே முதல் மின்னியல் வருகை அட்டை, அதை வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும். கடப்பிதழ் ஆறு மாதம் செல்லுபடியாகவேண்டும்.

என் மகளைத் தனியா அனுப்பலாமாங்க? சாப்பாடு எப்படி?

பயப்படவேண்டிய இடம் கடலைவிடத் தங்குமிடம். பெண்களுக்குத் தனி அறையா, பூட்டு உள்ளிருந்து போடலாமா, தொந்தரவு நேர்ந்தால் யாரிடம் சொல்வது, அந்த ஆள் மேல் நடவடிக்கை எடுக்க யாருக்கு அதிகாரம் என்று நேராகக் கேளுங்கள். அமைப்பில் மூத்த பொறுப்பில் பெண் இருக்கிறாரா என்பதும் கேட்கத் தகுந்தது. காணொளி அழைப்பில் பெற்றோரோடு பேச மறுக்கும் அமைப்புக்கு அனுப்பாதீர்கள். கிளம்பும் முன் கடப்பிதழ், காப்புறுதி, சான்றிதழ் நகல்கள் வீட்டிலும் இருக்கட்டும். தீவில் இணையம் அறுந்துபோவது சாதாரணம். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்துக்கொண்டால் இரு பக்கமும் நிம்மதி.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிடவேண்டும். தாய்லாந்தில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். ‘ஜே’ என்று கேட்டால் அசைவம் எதுவும் கலக்காதது வரும், மஞ்சள் பலகையில் சிவப்பெழுத்து மாட்டிய கடைகளைப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளில் சைவம் சிரமம்தான். பருப்பும் ஊறுகாயும் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். சங்கிலி, வளையலை வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வலையிலும் வாரிலும் மாட்டும்.

டிராவல் இன்சூரன்ஸ் ஒண்ணு போதாதா?

பல பயணக் காப்புறுதிகள் முக்குளிப்பை ஓர் ஆழம் வரையே ஏற்கும். அதுவும் பொழுதுபோக்கு என்றால் மட்டும். ‘வேலை’ அல்லது ‘தொண்டூழியம்’ விலக்கு என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஆழ வரம்பு, உடலில் நைட்ரஜன் குமிழி உண்டானால் தரும் அழுத்த அறைச் சிகிச்சை, தீவிலிருந்து வெளியேற்றும் செலவு, தொண்டூழியம் ஆகிய நான்கையும் முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். டான் போன்ற முக்குளிப்பாளர் அமைப்புகளின் காப்பு இதற்கென்றே வந்தது. சாதாரணப் பயணக் காப்புறுதியோடு கூடுதலாக எடுக்கலாம்.

கடைசி நாள் காலைல முக்குளிச்சிட்டு சாயங்காலம் பிளேன் ஏறலாமா?

கூடாது. ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம். பல முறை, பல நாள் இறங்கியிருந்தால் 18 மணி நேரம். தொண்டூழியர் எல்லாரும் இரண்டாவது வகை. பாதுகாப்புக்கு ஒரு முழு நாள் விடுங்கள். உடலில் கரைந்த நைட்ரஜன் அழுத்தம் குறைந்ததும் குமிழியாகும், அதுதான் காரணம்.

விமானம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். சுமார் 600 மீட்டருக்கு மேல் ஏறும் எதற்கும் இதே எச்சரிக்கை உண்டு. தியோமானிலிருந்து பேருந்தில் திரும்பி அன்றிரவே கெந்திங் மலைக்குப் போவதும், பினாங்குக் கொடிமலை உச்சிக்கு ஏறுவதும் இதில் சேரும். மூட்டு வலி, தோல் அரிப்பு, மரத்துப்போதல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி வந்தால் ‘தூங்கி எழுந்தால் சரியாகும்’ என்று விடாதீர்கள். உடனே ஆக்சிஜன், உடனே மருத்துவர், கடைசியாக எப்போது எவ்வளவு ஆழம் போனீர்கள் என்ற விவரம்.

சாமான் என்னென்ன வாங்கணும்?

முகமூடி மட்டும் முதலில். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டினால் அளவு சரி. புது முகமூடியின் கண்ணாடியில் உற்பத்தியில் படிந்த படலம் இருக்கும், பற்பசையால் உள்பக்கம் பலமுறை தேய்த்தால்தான் மூடுபனி போல மறைப்பது நிற்கும். பணம் மிஞ்சினால் ஆழமும் நேரமும் காட்டும் முக்குளிப்புக் கணினி, நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மேல்மட்ட மிதவைக் குழல். மூச்சுக்கருவியை வாடகைக்கு எடுங்கள்.

வெயிலுக்குக் களிம்பைவிட நீளக்கை நீச்சல் சட்டை மேல். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் போன்றவை கலந்த களிம்புகளைத் தாய்லாந்து 2021-இல் தன் தேசியப் பூங்காக்களில் தடை செய்துவிட்டது.

இதெல்லாம் முடிச்சா வேலை கிடைக்குமா?

டைவ்மாஸ்டர் வேலை கிடைக்கும், சம்பளம் சொற்பம். கடல் அறிவியல் படிக்கப் போகிறவர்களுக்கு லாபம் கூடுதல்: திரெங்கானு, சபா, பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் மூன்றிலும் கடல்துறை ஆய்வு உண்டு, நீருக்கடியில் எண்ணத் தெரிந்த மாணவரை விரிவுரையாளர் விடமாட்டார். திரும்பும்போது வெறும் சான்றிதழ் வாங்காதீர்கள். எத்தனை கணக்கெடுப்பு, எந்த முறை, எந்தப் பொறுப்பு என்று எழுதிய கடிதமாக வாங்குங்கள்.

இதுக்கு வெளிநாடு எதுக்கு? பிளேன்ல பறந்து போயி இயற்கையைக் காக்கறதா?

நியாயமான கேள்வி. மேலே சொன்ன ரீஃப் செக் முறையை மலேசியாவிலேயே படிக்கலாம்; 2007 முதல் இங்கே அமைப்பு இயங்குகிறது, ஆண்டுதோறும் நம் தீவுகளில் கணக்கெடுப்பு நடக்கிறது. ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கடற்கரையில் திரெங்கானு பல்கலைக்கழகத்தின் கடலாமை ஆய்வுக்குத் தொண்டூழியர் எடுக்கிறார்கள். அங்கே சிலிண்டர் தேவையில்லை. பினாங்கு தேசியப் பூங்காவின் கெராச்சுட் கடற்கரையிலும் கடலாமைக் காப்பகம் இருக்கிறது, போய்ப் பார்த்து வரலாம்.

எங்கள் கருத்து: முதலில் இங்கே ஒரு கணக்கெடுப்பாவது செய்துவிட்டு வெளியே போங்கள். முறை தெரிந்தவராகப் போனால் அங்கே முதல் வாரத்திலேயே பயன்படுவீர்கள், சில இடங்களில் கட்டணமும் குறையும். வேறு நாட்டுக் கடலைப் பார்க்கும் ஆசை மட்டும்தான் என்றால் சுற்றுப்பயணியாகவே போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியா ஒண்ணு: சுறா கடிக்குமா? பொம்பளைப் பிள்ளைங்க அந்த மூணு நாள்ல இறங்கலாமா?

இறங்கலாம். மாதவிடாயால் சுறா வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உடம்பு முடியாத நாளில் மட்டும் ஓய்வெடுங்கள். பவளத்திட்டில் காணும் கருந்துடுப்புச் சுறாக்கள் நம்மைக் கண்டதும் விலகிப் போகும்.

கடிப்பது டைட்டன் டிரிக்கர் என்ற கிளாத்தி மீன். கூடு காக்கும் காலத்தில் துரத்தி வந்து துடுப்புக்காலைக் கவ்வும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவம். மேலே தப்பப் பார்த்தால் எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள். துடுப்புக்காலை அதன் பக்கம் நீட்டியபடி, கிடைமட்டமாக விலகி நீந்துங்கள்.